புது டேப்லெட்: முதல் பத்து நாள்

எனக்கு வெள்ளெழுத்து வந்து பத்து வருடமாகிறது. புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது தொழில் என்பதால் கண்ணாடியை மாற்றிக்கொண்டே வந்தேன். எழுத்து என்னவோ சிறுத்துக்கொண்டேதான் போயிற்று. சென்ற ஆண்டு 11 அங்குல டேப்லெட் ஒன்றை வாங்கினேன். முதல் மூன்று நாளில் செய்யக்கூடாததையெல்லாம் செய்தேன். நான்காம் நாள் காலையில் அதிலிருந்த அனைத்தையும் அழித்துவிட்டு, கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல மறுபடி தொடங்கினேன். அந்த இரண்டாம் முறை செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். அழித்ததில் ஒரு நஷ்டமும் உண்டு. அது கடைசியில் வரும்.

என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு வகை. ஐபேட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பட்டன்களின் பெயர்கள்தான் மாறும்.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இது எதற்கு? பெரிய போன் என்று நினைத்து வாங்கினால், இரண்டு மாதத்தில் அது வீட்டுப் பிள்ளைகளின் கார்ட்டூன் பெட்டியாகிவிடும், அல்லது அலமாரியில் துணிகளுக்கு நடுவே போய்விடும். ஒரு வேலை, மிஞ்சினால் இரண்டு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் படிப்பதும் திருத்துவதும். உங்களுக்குப் பாடம் கேட்பதாக இருக்கலாம், படம் வரைவதாக இருக்கலாம். அது தெளிவாக இருந்தால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு கணக்கு

கடையில் சொல்லும் 11 அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பெரும்பாலும் 16:10 விகிதத்தில் வருகின்றன. அந்தக் கணக்கில் நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 5.8 அங்குலம், உயரம் 9.3 அங்குலம். தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் புழங்கும் டெம்மி அளவு 5.5க்கு 8.5. ஆகவே டெம்மிப் பக்கம் ஒன்று சுருங்காமல் அப்படியே இதில் அமர்ந்துகொள்ளும். நான்கு ஓரங்களிலும் இருக்கும் வெள்ளையை அரை அங்குலம் வெட்டிவிட்டால் 10 பாயிண்ட் எழுத்து 12, 13 பாயிண்ட் போலத் தெரியும். வெள்ளெழுத்துக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

8 அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் முக்கால் அளவாகிவிடும். பஸ்ஸில் ஒரு கையில் பிடித்துக் கதை படிக்க அது நன்றாக இருக்கும். ஸ்கேன் செய்த பக்கத்துக்கு ஆகாது. ஏ4 தாளில் வரும் அரசாணை, கேள்வித்தாள், ஆய்வுக் கட்டுரை இவற்றையே அதிகம் படிப்பவர் என்றால் 11 அங்குலமும் போதாது. எழுபது சதவீத அளவில்தான் காட்டும். 12 அங்குலத்துக்கு மேல் பாருங்கள்.

சிம் போடும் வகை வேண்டுமா? வீட்டில் வைஃபை இருந்தால் வேண்டாம். வெளியே போகும்போது போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டால் போதும்.

பெட்டியைப் பிரிக்கும் நாள்

இணையத்தில் வாங்கியிருந்தால், பிரிக்கும்போது வீட்டில் ஒருவரைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பில்லில் உள்ள வரிசை எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில்லைப் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். கடைகளில் தரும் பில்லின் எழுத்து ஒரு வெயில் காலத்துக்குத் தாங்காது. வாரண்டி அதைவிட நீளம்.

பழுது சோதனையை அன்றே முடித்துவிடவேண்டும். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் மிகக் குறைவு. முழுவதும் வெள்ளையாக உள்ள படம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து, மாறாத கறுப்புப் புள்ளி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, முழுக் கறுப்புப் படம். ஓரங்களில் வெளிச்சம் திட்டாகக் கசிந்தால் அப்போது தெரியும். தொடுதிரையைச் சோதிக்க ஒரு எளிய வழி: ஏதாவது ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல், உழவு மாடு திரும்புவதுபோல இடமும் வலமுமாகத் திரை முழுக்க இழுத்துச் செல்லுங்கள். எங்கேயாவது ஐகான் விரலிலிருந்து நழுவி விழுந்தால் அந்த இடத்தில் திரைக்குத் தொடு உணர்வு இல்லை. ஸ்பீக்கர்கள், இரண்டு கேமராக்கள், சார்ஜ் செய்யும் துளை ஆட்டம் கொடுக்காமல் இருக்கிறதா என்பது, இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கடைக்காரர் கண்ணாடித் தகடு ஒட்டித் தருகிறேன் என்பார். திரையைச் சோதித்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள்.

சார்ஜ்

முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டே ஆகவேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்து வழக்கம். இப்போது வருவது லித்தியம் அயனி. பெட்டியிலிருந்து எடுத்ததும் இருக்கும் சார்ஜிலேயே தொடங்கலாம். இதற்கு ஆகாதது சூடு. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், சார்ஜ் ஏறும்போது மெத்தை மேலும் வைக்காதீர்கள். எப்போதும் நூறிலேயே வைத்திருப்பதும், பூஜ்யம் வரை இறக்குவதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். 80 சதவீதத்தில் தானே நிறுத்திக்கொள்ளும் வசதி பல டேப்லெட்டுகளில் இருக்கிறது, இருந்தால் போட்டுவிடுங்கள்.

சில பெட்டிகளில் இப்போது சார்ஜர் வருவதில்லை, வயர் மட்டும் வருகிறது. வீட்டில் கிடக்கும் பழைய போன் சார்ஜரில் செருகிவிட்டு ‘ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று கவலைப்படவேண்டாம். டேப்லெட் பேட்டரி பெரிது. 8000 மில்லி ஆம்பியர் மணி என்றால் ஏறக்குறைய 30 வாட் மணி. 10 வாட் சார்ஜர் அதை நிரப்ப நான்கு மணி நேரமாவது எடுக்கத்தான் செய்யும். புதிது வாங்குவதாக இருந்தால் சார்ஜர் மேல் இந்தியத் தர அமைவனத்தின் குறியும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்த ஒரு கேள்வி

முதன்முதலாக இயக்கியதும் மொழி, வைஃபை, கூகுள் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் யாரிடமாவது போனில் உதவி கேட்கும்போது அவர் ‘செட்டிங்ஸுக்குப் போங்கள்’ என்பார். உங்கள் திரையில் ‘அமைப்புகள்’ என்று இருக்கும். அந்த மொழிபெயர்ப்பு வேலையை மனத்துக்குள் செய்யத் தயாராக இருந்தால் சரி.

அடுத்து, ‘பழைய சாதனத்திலிருந்து செயலிகளையும் தரவுகளையும் நகலெடுக்கலாமா?’ என்று மிகவும் பணிவாகக் கேட்கும். நான் மகிழ்ச்சியோடு ‘ஆம்’ என்று தட்டினேன். அங்கேதான் கெட்டது. போனில் இருந்த 140 செயலிகளும் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கின. மளிகைச் செயலி, டாக்சிச் செயலி, எப்போதோ ஒருமுறை சினிமா டிக்கெட் எடுத்த செயலி, எல்லாம். மாலையில் மெய்ப்பைத் திறந்து உட்கார்ந்தால் போனில் அடிக்கும் மணி அரை வினாடி கழித்து டேப்லெட்டிலும் அடித்தது. வெங்காயம் தள்ளுபடியில் கிடைக்கிறது என்பதை இரண்டு கருவிகள் சேர்ந்து எனக்குத் தெரிவித்தன. மூன்று நாளில் நான் படித்தது பன்னிரண்டு பக்கம்.

எனவே ‘நகலெடுக்க வேண்டாம்’ என்பதைத் தட்டுங்கள். புதிதாகத் தொடங்குங்கள். தேவைப்படும் செயலியைத் தேவைப்படும் அன்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம். தொடர்பு எண்கள் கூகுள் கணக்கோடு எப்படியும் வந்துவிடும். ஏற்கெனவே ‘ஆம்’ என்று தட்டிவிட்டீர்களா? செட்டிங்ஸில் ‘ஃபேக்டரி ரீசெட்’ இருக்கிறது. செய்யும் முன் கூகுள் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கவேண்டும். திருட்டைத் தடுப்பதற்காக, அழித்த பிறகும் பழைய கணக்கைக் கேட்டு நிற்கும் பூட்டு ஒன்று ஆண்ட்ராய்டில் உண்டு. பழைய டேப்லெட்டை யாரிடமாவது வாங்குகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள்: விற்பவர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆறு இலக்கப் பின் எண் ஒன்றை வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம்.

அடுத்தது மென்பொருள் புதுப்பிப்பு. பெட்டி கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்திருக்கும். ஒன்று முடிந்ததும் இன்னொன்று வந்து நிற்கும். ‘இனி இல்லை’ என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு ஜிபிக்கு மேலேயும் இறங்கலாம் என்பதால் போன் ஹாட்ஸ்பாட்டில் செய்யவேண்டாம். இரவு உணவுக்கு முன் தொடங்கினால் படுப்பதற்குள் முடிந்திருக்கும்.

களை எடுப்பு

கம்பெனியே போட்டு அனுப்பும் விளையாட்டுகள், ஷாப்பிங் செயலிகள் ஒரு டஜனாவது இருக்கும். நீக்க முடிந்ததை நீக்குங்கள். நீக்க விடாததை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். அறிவிப்புகள் பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் திறந்துவிடுங்கள். பூட்டிய திரையில் விளம்பரப் படங்கள் மாறி மாறி வந்தால் அதையும் அங்கேயே நிறுத்தலாம்.

வாட்ஸ்அப் தேவை என்பவர்கள், போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ வழியாக டேப்லெட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு சாதனங்கள் வரை இடம் தருகிறார்கள். ஐபேடுக்கென்று தனிச் செயலி 2025இல்தான் வந்தது. நான் சேர்க்கவில்லை. யுபிஐ செயலிகள் உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் எண்ணை உறுதி செய்கின்றன; ஆகவே சிம் இல்லாத டேப்லெட்டில் அவை நடக்காது. குறையாக நினைக்காதீர்கள். வீட்டில் பலர் கையில் புழங்கும் பொருளில் பணப்பெட்டி இல்லாமலிருப்பது நல்லதுதான்.

திரைக்கு வருவோம். ‘டிஸ்ப்ளே’ பகுதியில் எழுத்தின் அளவு, திரையின் அளவு என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். முன்னது எழுத்தை மட்டும் பெரிதாக்கும். பின்னது ஐகான், பட்டன் எல்லாவற்றையும். வயதானவர்களுக்கு அமைத்துத் தரும்போது இரண்டையும் ஒவ்வொரு படி கூட்டுங்கள். விரலைச் சறுக்கிப் பின்னால் போகும் புதிய முறை பழகாதவர்களுக்குக் கீழே மூன்று பட்டன் வைக்கும் பழைய முறையும் ‘நேவிகேஷன்’ பகுதியில் கிடைக்கும். என் அக்காவுக்கு அதை மாற்றிக் கொடுத்த அன்றுதான் அவர் டேப்லெட்டைத் திட்டுவதை நிறுத்தினார். தானே திரும்பும் வசதியை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் படுத்துப் படிக்கும்போது பக்கமும் உங்களோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும். படுத்துப் படிப்பதைப் பற்றி இன்னொன்று: 11 அங்குல டேப்லெட் அரைக் கிலோவை ஒட்டி எடை வரும். தூக்கம் வந்தால் அது மூக்கில்தான் விழும். நிறுத்தி வைக்க வசதியுள்ள உறை வாங்குங்கள்.

இணையத்தில் படம் பார்ப்பதற்காகவே வாங்கியவர்கள் ஒன்றைச் சோதியுங்கள். வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1 தகுதி இருந்தால்தான் பல செயலிகள் துல்லியப் படத்தை அனுப்பும். எல்3 என்றால் எவ்வளவு நல்ல திரையானாலும் மங்கல்தான். இதைக் காட்டிக்கொடுக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன.

தமிழில் தட்டெழுத

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் நேரடித் தமிழ் எழுத்துகள், ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவது, கையால் எழுதுவது, பேசி எழுதுவது என நான்கு வழியும் கிடைக்கும். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் ‘palam’ என்பதுபோல ஒலியை மட்டும் தட்டினால் பலமா பழமா பாலமா என்று அதுவே ஊகித்து ஒன்றைப் போட்டுவிடும். என்னிடம் வரும் தட்டெழுதிய படிகளில் ‘பலம் தின்றால் பழம்’ வகைப் பிழைகள் பெருகியதற்கு இந்த ஊகம் ஒரு காரணம் என்பது என் பல வருடச் சந்தேகம்.

தமிழில் நாலு பக்கமாவது எழுதப்போகிறவர்கள் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை அமைப்பு இது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே விழும். ‘தங்கம்’ என்றால் த, ங, க, ம, கடைசியில் ஒரு புள்ளி. ங-வுக்குப் பின் க வந்தால் நடுப்புள்ளியை அதுவே போட்டுக்கொள்கிறது. ந-த, ண-ட, ம-ப எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். பிறகு விரல் வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாது. ஐபேடில் தமிழ்99, அஞ்சல் என்ற இன்னொரு விசைப்பலகை அமைப்பு இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியில் கிடைக்கும்.

படிக்கத் தொடங்குதல்

முதலில் புத்தகம் எங்கே? மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை தட்டெழுதிய நூல்கள் அங்கே உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற தளம். இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினால் வேறெங்கும் இல்லாதது அகப்படும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் எவரும் படிக்கத் திறந்தவை. புதிய நூல்களை விலை கொடுத்து வாங்க கிண்டில் போன்ற செயலிகள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. புத்தகத்தின் பெயரைத் தேடினால், பச்சை நிறத்தில் ‘டவுன்லோட்’ என்று நான்கு பட்டன்களைக் கொண்ட தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அவற்றில் மூன்று விளம்பரம். இறங்கிய கோப்பின் பெயர் பிடிஎஃப் அல்லது இபப் என்று முடியவேண்டும். ஏபிகே என்று முடிந்தால் அது புத்தகமில்லை, ஏதோ ஒரு செயலி. திறக்காமல் அழித்துவிடுங்கள்.

இபப் கோப்பில் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். வரிகள் அதற்கேற்ப மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் பக்கம் அச்சுப் பக்கத்தின் படம்போல, அசையாது. அதற்குத்தான் நான் முன்னே சொன்ன ஓர வெட்டு. ரீட்எரா, லிப்ரெரா போன்ற செயலிகளில் பக்கத்தின் வெள்ளை ஓரத்தை நீக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. எதிரெதிர் பக்கங்களைச் சேர்த்து ஸ்கேன் செய்திருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காட்டவும் சொல்லலாம். நூலைத் திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை இதுதான்.

சில பிடிஎஃப்களில் தமிழ் அழகாகத் தெரியும். ஒரு சொல்லைத் தேடினால் மட்டும் ‘இல்லை’ என்று வரும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். கருவியில் பழுது எதுவும் இல்லை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த நூல் அது. உள்ளே இருப்பது உண்மையில் வேறு எழுத்துகள், தமிழ் உருவத்தை மட்டும் மேலே போர்த்தியிருக்கிறார்கள். ஒரு பத்தி மட்டும் தேவை என்றால் திரையைப் படமெடுத்து கூகுள் லென்ஸில் கொடுங்கள். பெரும்பாலும் சரியாகவே தட்டெழுத்தாக்கித் தரும். பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்தக் கருவி எனக்கு எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். பழைய கவிதைத் தொகுப்பு ஒன்றை மறுபதிப்புச் செய்கிறார்கள். ஸ்கேனை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. ஓரிடத்தில் தட்டெழுதியவர் ‘மலர்’ என்று அடித்திருந்தார். பொருள் இடித்தது. ‘மலர’ என்றிருந்தால் வரி ஓடுகிறது. மூலத்தில் ர-வின் தலைக்கு மேல் ஏதோ ஒன்று கறுப்பாக இருந்தது. அது புள்ளியா, தூசியா? காகித நகலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கால் மணி நேரம் போயிற்று. டேப்லெட்டில் இரண்டு விரலால் விரித்தேன். ர என்ற ஒரே எழுத்து என் உள்ளங்கை அளவுக்கு வந்தது. அடுத்த வரியில் இருந்த ஒரு ‘ர்’-ஐயும் அதே அளவுக்கு விரித்துப் பார்த்தேன். அதன் புள்ளி வட்டமாக, எழுத்தின் மையிலேயே, எழுத்தின் நடுவுக்கு நேர் மேலே நின்றது. இங்கே இருந்தது பழுப்பு நிறம், ஓரம் பிசிறடித்திருந்தது, சற்றே வலப்பக்கம் தள்ளிக் கிடந்தது. தூசி. அல்லது எந்தக் காலத்திலோ அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து போன ஈயின் கைவரிசை.

இப்படிப் பார்க்க ஸ்கேனும் ஒத்துழைக்கவேண்டும். ஒரே நூலுக்கு இரண்டு கோப்புகள் கிடைத்தால் அளவில் பெரியதை, வண்ணத்தில் எடுத்ததை இறக்குங்கள். கறுப்பு வெள்ளை மட்டுமாகச் சுருக்கிய கோப்பில் மையும் அழுக்கும் ஒரே நிறமாகிவிடும்.

இன்னொன்று, திரையை இரண்டாகப் பிரிப்பது. டேப்லெட்டைக் கிடையாகத் திருப்பி, இடப்பக்கம் நூல், வலப்பக்கம் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடக்கூடிய வடிவில் இலவசமாக இருக்கிறது. ஆறு தொகுதிகளையும் மேசையில் பரப்பி, எழுந்து எழுந்து புரட்டிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. முதுகுக்கும் நினைவிருக்கிறது.

கோப்புகள் பெருகும் முன் பெயரிடும் வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது வரும் எண்களும் கோடுகளும் கொண்ட பெயரை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. ஆசிரியர், நூல், பதிப்பாண்டு என்று மாற்றிவிடுங்கள். ஸ்கேன் நூல் ஒன்று ஐம்பது, நூறு எம்பி வரும். 128 ஜிபி என்று போட்டிருக்கும் டேப்லெட்டில் அவ்வளவும் உங்களுக்கு இல்லை. இயங்குதளமே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போட இடமிருந்தால் நூல்களை அதில் வையுங்கள்.

பேனா

பத்து நாளுக்குள் பேனா வாங்கவேண்டும் என்று கை துறுதுறுக்கும். நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் நுனிப் பேனா விரலுக்குப் பதில், அவ்வளவுதான், எழுத உதவாது. உங்கள் மாடலுக்கு என்று சொல்லப்பட்ட மின் பேனாவைத்தான் வாங்கவேண்டும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றினாலும் கோடு விழாமலிருப்பது அதில்தான் சரியாக அமையும். வாங்கியதும் எழுதிப் பார்த்தால் கண்ணாடியில் எழுதுவதுபோல் வழுக்கும். காகிதம்போல் சொரசொரக்கும் படலம் ஒட்டினால் வழுக்கல் குறையும்; பதிலுக்குத் திரையின் தெளிவு கொஞ்சம் குறைவதோடு பேனா நுனியும் சீக்கிரம் தேயும். நான் ஒட்டி ஒரு வாரத்தில் எடுத்துவிட்டேன். வழுக்கலோடு பழகிக்கொள்வது எளிதாக இருந்தது.

வீட்டார் கையில்

பிள்ளைகள் கேட்பார்கள்; கொடுக்காமல் முடியாது. சில டேப்லெட்டுகளில் தனிப் பயனர் கணக்கு உருவாக்கலாம். அதில் உங்கள் நூல்களும் மின்னஞ்சலும் தெரியாது. அது இல்லையென்றால், பாதுகாப்புப் பகுதியில் செயலியைத் திரையில் ‘பின்’ செய்யும் வசதி இருக்கும். விடுவிக்கப் பின் எண் கேட்கும்படி அங்கேயே அமைத்து, ஒரு செயலியைத் திறந்து குத்திக் கொடுத்துவிட்டால் அந்த எண் இல்லாமல் அதைவிட்டு வெளியே போக முடியாது.

தொலைந்தால் கண்டுபிடிக்கும் வசதியும் கூகுள் கணக்கோடு வருகிறது. அமைத்ததோடு விடாமல் ஒருமுறை போனிலிருந்து மணி அடிக்கச் செய்து பாருங்கள். என்னுடையது சோபா மெத்தைக்கு அடியிலிருந்து அடித்தது. அதுவரை அது தொலைந்திருப்பதே எனக்குத் தெரியாது.

குறிப்புகளின் நகல்

கடைசியாகச் சொல்கிறேன் என்ற நஷ்டம் இதுதான். பிடிஎஃபில் பேனாவால் போடும் திருத்தங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது செயலிக்குச் செயலி மாறும். சில செயலிகள் கோப்பிலேயே எழுதும். சில தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அந்தச் செயலியில் திறந்தால் மட்டும் காட்டும். சோதிக்கும் வழி: இரண்டு கோடு போட்டுவிட்டு, அந்தக் கோப்பை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். கோடு தெரியவில்லை என்றால் ‘எக்ஸ்போர்ட்’ செய்துதான் வெளியே எடுக்கவேண்டும். வாரம் ஒருமுறை அவற்றை கூகுள் டிரைவிலோ, சி வகைத் துளையில் செருகும் பென் டிரைவிலோ நகலெடுத்து வையுங்கள்.

எனக்கு இது தெரியாது. நான்காம் நாள் காலையில் எல்லாவற்றையும் அழித்தபோது, மூன்று நாளாகத் திருத்திய அந்தப் பன்னிரண்டு பக்கங்களின் குறிகளும் செயலியோடு சேர்ந்து போய்விட்டன. மூலக் கோப்பு பதிப்பகத்திலிருந்து மறுபடி வந்தது, மாசு மறுவற்று. முதலிலிருந்து படித்தேன். வெங்காய அறிவிப்புகள் ஏதும் குறுக்கிடவில்லை. முதல் முறை என் கண்ணில் படாத மூன்று பிழைகள் அகப்பட்டன. ஒன்று முதல் பக்கத்துத் தலைப்பிலேயே.